ஒத்தக் கோடு

டிவி ரிப்பேர் பார்த்தவர்களிடம் ஒத்தக் கோடு என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆன் செய்தால் சத்தம் வரும், படம் வராது. திரைக்கு நடுவில் குறுக்கே, கண்ணைக் குத்துகிற வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் நிற்கும். "வெர்ட்டிகல் போச்சு, ஐ.சி. மாத்தணும்" என்று சொல்லி மெக்கானிக் பின்மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். என் சித்தப்பா கல்யாண வீடியோ எடுத்தவர். கோடு, புள்ளி, இழுப்பு, உருளல் எதுவும் திரையில் விழுந்துவிடாமல் காப்பதிலேயே அவர் பாதி ஆயுசு போனது. அதே கோட்டை வேண்டுமென்றே வரவழைத்து, கச்சேரிக்குப் பின்னணிக் காட்சியாக ஆடவிட்டுத்தான் போன மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரையில் நான் கைதட்டு வாங்கினேன். இன்றுவரை அது அவருக்குச் செரிக்கவில்லை.

"நல்லா ஓடுற செட்டக் கெடுத்து வச்சுட்டு அதுக்கு மேளம் வேற அடிக்கிறீகளோ?" என்பார்.

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ. பகலில் பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன். முகூர்த்த நாளில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து. இந்த வேலைக்கு இப்போதைய கேமராவும் ட்ரோனும்தான் சோறு போடுகின்றன, அதைக் குறை சொல்ல மாட்டேன். கடையை அடைத்த பிறகு பின்அறையில் நடப்பது வேறு கதை. அங்கே கிடப்பதெல்லாம் சித்தப்பாவின் சொத்து: தோளில் சாய்த்து எடுக்கிற பானசோனிக் எம் 9000 வி.எச்.எஸ். கேமரா, கேசட் ஓட்டும் டெக்குகள், கேசட் மூட்டைகள், அப்புறம் இரண்டு படத்தைக் கலக்கும் எம்.எக்ஸ். 50 வீடியோ மிக்சர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவருக்கு லைட் பிடிக்கிற பையன். ஒயரை இழுத்துக்கொண்டு மணவறையைச் சுற்றி வந்தவன் என்பதால், இந்தப் பெட்டிகள் எதுவும் எனக்குப் புதிதில்லை.

எம்.எக்ஸ். 50-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கல்யாணக் கேசட் பார்த்தவர்கள் எல்லாரும், பெயர் தெரியாமலே இதன் கைவண்ணத்தைப் பார்த்தவர்கள்தான். மாப்பிள்ளை முகம் சதுரம் சதுரமாக உடையும், பெண் முகம் நெகட்டிவாக மாறும், இரண்டு படம் ஒன்றையொன்று திரைபோல விலக்கிக்கொண்டு வரும். தாலி கட்டும்போது படம் விட்டுவிட்டு நகரும் ஸ்ட்ரோப் போடாத கேசட் அபூர்வம். அந்த ரசனையைப் பற்றி இன்றைக்குச் சிரிக்கலாம். ஆனால் அதைச் செய்தவர்கள் நேரலையில் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு டெக் ஓடும், மூன்றாவதில் பதிவாகும், கை லீவரில் இருக்கும். தப்பினால் பின்னால் சுற்றி மறுபடி முதலிலிருந்து. இன்று மேடையில் விஷுவல் செய்கிறவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வேலையை, ராமநாதபுரத்து மிக்சிங் ரூமில் டீயைக் குடித்துக்கொண்டே செய்தவர்கள் இருந்தார்கள்.

திரைக்குத்தான் எனக்குக் கவலையே இல்லை. 2006-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி எந்த வீட்டுப் பரணில் இல்லை? கேபிள்காரர் செட்டாப் பாக்ஸ் கொடுத்த பிறகும் கொஞ்ச நாள் ஓடியது. தட்டை டிவி வந்ததும் பரணுக்குப் போனது. தூக்குவதற்கு லேசு, முன்னாலோ பின்னாலோ ஏ.வி. சாக்கெட் இருக்கும், எட்டு பெட்டியை அடுக்கினால் ஒரு சுவர். காயலாங்கடையில் சொன்ன விலைக்குக் கிடைக்கும். பல வீட்டில் "எடுத்துட்டுப் போனாப் போதும் தம்பி" என்று காபியும் கொடுத்து அனுப்புவார்கள்.

இனி சிங்க், அதாவது படத்தை நிலையாக நிறுத்தும் துடிப்பு என்கிற சமாச்சாரம். இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. மஞ்சள் ஒயரில் கேமரா அனுப்புவது படத்தை மட்டும் அல்ல. ஒவ்வொரு வரி முடிவிலும் "அடுத்த வரிக்கு வா" என்று ஒரு துடிப்பு. அடிவரை வந்ததும் "மேலே போ" என்று இன்னொரு துடிப்பு. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் முழுப் படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். ஆக நொடிக்கு 15,625 வரி. பழைய டிவி பக்கத்தில் நின்றால் கேட்கும் மெல்லிய 'கீ' ஓசை இதுதான். சித்தப்பாவுக்கு இப்போது அது கேட்பதில்லை. என் மகள் அடுத்த அறையிலிருந்தே "அப்பா, டிவி ஆன்ல இருக்கு" என்பாள்.

துடிப்பு சரியாக வந்தால் படம் நிற்கும். கொஞ்சம் பிசகினால் பழைய பிக்சர் டியூப் டிவி என்ன செய்யும் தெரியுமா? முடிந்தவரை சமாளிக்கும். படம் சாயும், தலைப்பக்கம் கொடிபோல் வளையும், மெதுவாக உருளும், ஆனாலும் எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். இன்றைய புரொஜெக்டர் அப்படி இல்லை. துடிப்பில் சின்னப் பிசகு என்றாலும் நீலத் திரையைப் போட்டு 'நோ சிக்னல்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆன்லைனில் விற்கிற சின்ன ஏ.வி. கன்வெர்ட்டர் பெட்டியும் இதே குணம்தான். அதனால் பிசகை டிவியில் நடத்தி, அந்த டிவியை எதிரே நிற்கும் எம் 9000 கேமராவில் பிடித்து, அதை எம்.எக்ஸ். 50 வழியாகப் புரொஜெக்டருக்கு அனுப்புகிறேன். கேமராவுக்கு டிவி என்பது வெளிச்சம், அவ்வளவுதான். அது அனுப்பும் துடிப்பு சுத்தமாக இருக்கும். டெக்கிலிருந்து நேராகக் கொடுத்தாலும் ஓரளவு ஓடும், எம்.எக்ஸ். 50 தன்னுள்ளே வரும் படத்தை ஒரு ஃபிரேம் பிடித்துவைத்து நேர் செய்து அனுப்பும் என்பதால். ரொம்ப மோசமானதைக் கொடுத்தால் அதுவும் கையை விரித்துவிடும்.

பிசகை உண்டாக்க நான் செய்த பெட்டி ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கும். இரண்டு சாக்கெட்டில் இரண்டு படம் உள்ளே, நடுவில் ஒரு வால்யூம் கன்ட்ரோல், மூன்றாவது சாக்கெட்டில் வெளியே. கரன்ட்கூட வேண்டாம். ஒரு ஓரத்தில் திருகினால் முதல் படம், மறு ஓரத்தில் இரண்டாவது. நடுவில்தான் கூத்து. இரண்டு படத்தின் துடிப்பும் முட்டிக்கொள்ள, எதைக் கேட்பது என்று டிவி தடுமாறும். ஒரு படம் மற்றதன்மேல் வழுக்கிப் போகும், நிறம் எகிறும், வெள்ளையான இடம் வந்ததும் வேறு படம் மேலே ஏறும். உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் கட்டும் எளிய பெட்டி இது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் ஒரு சாயங்கால வேலை.

கேசட்டோடு இன்னொரு விளையாட்டு. டெக்கின் மேல்மூடியைக் கழற்றி, ஓடும்போது டேப் கொடுக்கிற பக்கத்துச் சக்கரத்தின் ஓரத்தில் விரலை லேசாக வைத்தால் டேப்பின் இழுப்பு மாறும். படத்தின் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். விரலை எடுத்தால் நிமிரும். தாளத்துக்கு ஏற்ப வைத்து எடுக்கலாம். டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் உருளையில் மட்டும் கை படக்கூடாது. நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிற சாமான் அது.

ஹெட் என்றதும் காக்காவைச் சொல்லாமல் விட முடியாது. கீழக்கரையில் டெக் ரிப்பேர் செய்தவர். காக்கா என்றால் அந்தப் பக்கம் அண்ணன். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் காக்கா, எனக்கும் காக்கா. வெளிநாட்டு வேலைக்குப் போன சபராளிகள் வளைகுடாவிலிருந்து டெக் தூக்கிக்கொண்டு வந்த காலத்தில் அவர் கடையில் நிற்க இடம் இருக்காதாம். அங்கிருந்து வந்தவற்றில் பல எல்லா முறையும் ஓட்டும் டெக்குகள். பால் கேசட், அமெரிக்க முறைக் கேசட் எதைப் போட்டாலும் படம் காட்டும். இன்றைக்கு எனக்குப் பெரிய உதவி அதுதான். என் மேசையில் இருப்பதில் ஒன்று அவர் கொடுத்தது.

கடலோரத்தில் கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டை அடைக்கும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். அதற்கென்று ஒரு டெக்கைத் தனியாக ஒதுக்கி, முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் தொடுகிறேன். ஹெட்டைத் துடைக்க மொபைல் சர்வீஸ் கடையில் விற்கும் ஐ.பி.ஏ. ஆல்கஹால் போதும்.

"தோல் துண்ட உருளை மேல படுக்க வச்சுப் புடிங்க தம்பி. உருளையத்தான் திருப்பணும், தோல மேலயும் கீழயும் தேய்ச்சீங்க, ஹெட்டு பேந்து வந்துரும்" என்று காக்கா என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். அவர் விரல் உருளையைத் திருப்பிய வேகம் இன்னும் என் கைக்கு வரவில்லை. ஒரு பொட்டு அழுத்தம் இல்லை, ஆனால் தோலில் கறுப்புக் கறை வரி வரியாக இறங்கியது.

இரண்டாவது எதிரி உப்பு. எங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். பெண் கடல் என்கிற பாக் விரிகுடாவில் அலை இல்லாத நாளில் ஆண் கடலான மன்னார் வளைகுடா இரையும். எந்தப் பக்கக் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். பிக்சர் டியூபுக்கு எல்.ஓ.டி. என்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றித் தருவது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே. ரப்பர் மூடியைச் சுற்றி உப்புப் படலம் படிந்து, அதில் ஈரமும் சேர்ந்தால் இருட்டில் ஊதா நிறமாகச் சீறும். ரொம்ப நாள் கழித்து ஆன் செய்கிற எந்தச் செட்டையும் முதலில் துடைத்து, வெயிலில் வைத்து, பிறகுதான் பிளக்கைச் செருகுகிறேன். பிளக்கைப் பிடுங்கினாலும் டியூபுக்குள் கரன்ட் தங்கியிருக்கும் என்பதைப் புதிதாக மூடி திறக்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். டியூபின் வெளிப்பக்கக் கறுப்புப் பூச்சைத் தொட்டு ஓடுகிற எர்த் கம்பியோடு ஸ்க்ரூ டிரைவரை ஒயரால் இணைத்து, மூடிக்கு அடியில் விட்டு இறக்கிவிட வேண்டும். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். யூடியூப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை.

எங்கள் கரைக்கும் படக் கோளாறுக்கும் பழைய உறவு உண்டு. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, அந்த நாட்டின் உயரமான மலையான பிதுருதலாகலையிலிருந்து வந்த அலை கடல் தாண்டி இங்கே இறங்கியது. நீளமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் மாட்டிப் பார்த்த தலைமுறை சித்தப்பாவுடையது. ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் 323 மீட்டர் கோபுரம் எழும்புவதற்கு முந்தைய கதை. கடல் அமைதியாக, வெக்கையாக இருக்கும் நாளில் படம் கண்ணாடியாகத் தெரியுமாம். காற்று மாறினால் புள்ளி மழை, ஒரு ஆளுக்கு இரண்டு நிழல். மொட்டை மாடியில் ஒருத்தர் குழாயைத் திருப்ப, கீழே ஒருத்தர் "வருது, வருது, போச்சு!" என்று கத்த, நடுவில் படிக்கட்டில் ஒருத்தர் அதை மேலே கடத்த... வானிலையை வைத்து மூன்று பேர் சேர்ந்து படத்தை வாசித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் சித்தப்பா முறைக்கிறார். "படம் பாக்கணும்னு தவிச்சோம்டா. வாசிக்கிறதாவது!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அவரிடம் 'நாம் ஜூன் பைக்' (Nam June Paik) என்ற வீடியோ கலைஞரின் கதையைச் சொன்னேன். கொரியாவில் பிறந்தவர். 1963-இல் ஜெர்மனியில் வூப்பர்டால் நகரத்தில் டிவி பெட்டிகளைப் பலவிதமாகக் கோணலாக்கி வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். கொண்டு வந்ததில் ஒரு செட்டு அடிபட்டு, ஒற்றைக் கோடு மட்டும் காட்டியது. அதை அவர் தூக்கி எறியவில்லை. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார், கோடு நெட்டுக்குத்தாக நின்றது. 'ஜென் ஃபார் டிவி' என்று பெயரும் வைத்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு கறுப்பு வெள்ளை டிவியின் தலையில் பெரிய லாட காந்தத்தை வைத்து, அது வளைக்கிற கோலத்தைக் கலைப்பொருளாகக் காட்டினார்.

சித்தப்பா கேட்ட ஒரே கேள்வி: "அந்தாளு மெக்கானிக்கா?"

இல்லை, சங்கீதம் படித்தவர், ஆனால் கூடவே ஷூயா அபே என்று ஒரு ஜப்பான் இன்ஜினியர் இருந்தார், 1969 வாக்கில் இரண்டு பேரும் சேர்ந்துதான் வீடியோ சிந்தசைசர் கட்டினார்கள் என்றேன். "அப்படிச் சொல்லு" என்று திருப்தியாக வெற்றிலையை மடித்தார். அன்றைக்கு அவர் சொல்லாமல் சொன்னதைத்தான் நானும் நம்புகிறேன். கோளாறை வரவழைக்க யாராலும் முடியும். வந்த கோளாறு வேண்டிய நேரத்தில் போக வேண்டும், மறுபடி கூப்பிட்டால் அதே முகத்தோடு வர வேண்டும். அதற்கு ரிப்பேர் தெரிய வேண்டும். போனில் ஒரு பட்டனைத் தட்டினால் வி.எச்.எஸ். இழுப்பு வருகிற ஃபில்டர்களில் எனக்குச் சுவாரசியம் வராததும் இதனால்தான். அதில் எதுவும் எதோடும் முட்டுவதில்லை.

காந்த வேலையைக் கலர் டிவியில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் காந்தத்தைத் திரையருகே கொண்டு போனால் பச்சையும் ஊதாவுமாக அழகாகச் சுழலும். எடுத்த பிறகும் கறை நிற்கும், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு காந்தம் ஏறிவிடுவதால். ஆஃப் செய்து ஆறவிட்டு ஆன் செய்தால், உள்ளே இருக்கும் காயில் ஓரளவு கழுவிவிடும். பெரிய காந்தமாக இருந்தால் அதற்கும் மசியாது.

இப்போது ஒத்தக் கோடு. இலவச டிவி மாதிரிப் பின்னால் வந்த செட்டுகளில் பல, படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்ட்டிகல் பகுதி நின்றதும் டியூபைக் காப்பாற்றத் திரையையே இருட்டாக்கிக்கொள்ளும். அதனால் சாலிடேர், டயனோரா காலத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டி வேண்டும். டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் செம்புச் சுருளான யோக்கிலிருந்து இரண்டு ஜோடி ஒயர் வரும். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஓம் அதிகம் காட்டும் ஜோடி பெரும்பாலும் வெர்ட்டிகல். அதை மட்டும் போர்டிலிருந்து பிரித்து, ஒரு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் கொடுக்க வேண்டும். மற்ற ஜோடி எல்.ஓ.டி.யோடு சம்பந்தப்பட்டது, அதன் பக்கம் போகவே கூடாது. பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் கோடு நின்ற இடத்தில் திரையின் பாஸ்பர் பூச்சு கருகி நிரந்தரத் தழும்பாகிவிடும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் சிலவற்றின் சேசிஸே மெயின்ஸோடு நேராகத் தொடர்பில் இருக்கும் என்பதால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை.

சத்தம் இல்லாதபோது கோடு அசையாது. தப்புப் பறையில் ஒரு அடி விழுந்ததும் கோடு மேலும் கீழும் விரிந்து பட்டையாகும், பட்டையின் இரண்டு ஓரமும் நடுவைவிடப் பளிச்சென்று எரியும், அடி அடங்கியதும் சுருங்கி மறுபடி கோடாகும். அடி எவ்வளவு பலமோ அவ்வளவு அகலம். டெக்கிலிருந்து படமும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம். கீபோர்டில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் கனமான ஓசையைப் பிடித்து வைத்தால், கோட்டுக்குள் ஒளிந்திருக்கும் முகம் திடீரென்று விரிந்து, தன்மேல் தானே மடிந்த முகமாகத் தெரியும். ஓசை சற்று விலகினால் முகம் நழுவி ஓடும். கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு இது ஒரு சுருதி சேர்க்கும் வேலையாகவே ஆகிவிட்டது. காதைவிடக் கண்ணை நம்ப ஆரம்பித்துவிட்டான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில்தான். அந்த நாட்களில்தான் ஊரில் ஆள் இருப்பார்கள், கச்சேரிக்கும் நேரம் இருக்கும். மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்துப் பையன்கள், தப்பும் கீபோர்டுமாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் எட்டு இலவச டிவியை ஐஸ் பெட்டிகளின்மேல் அடுக்கினேன், நடுவில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பக்கத்தில் வேட்டியை இழுத்துக் கட்டிப் புரொஜெக்டர் திரை.

கரன்ட் ஜெனரேட்டரில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டு லைனில் எர்த் சரியில்லாமல் ஹம் என்கிற கரன்ட் இரைச்சல் ஏறினால், திரையில் ஒரு மங்கலான பட்டை ஏறக்குறைய அசையாமல் நிற்கும், லைனும் நொடிக்கு 50, ஒவ்வொரு படத்தையும் இரண்டு தவணையாக வரைவதால் திரையும் நொடிக்கு 50 என்பதால். ஜெனரேட்டர் 50-இல் நிற்பதில்லை. லோடு கூடினால் இறங்கும், குறைந்தால் ஏறும். வித்தியாசம் எவ்வளவோ அந்த வேகத்தில் பட்டை ஓடும். தப்பு உச்சத்துக்குப் போய் ஆம்ப்ளிஃபயர் கரன்டை இழுக்கும்போதெல்லாம் எட்டு டிவியிலும் பட்டை வேகம் மாறி ஓடியது. ஹம்மை எடுக்க என்னிடம் வழி இருந்தது. எடுக்கவில்லை.

இரண்டாவது பாட்டில் எல்லா டிவியும் உருள ஆரம்பித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். யாரையும் கேட்கவில்லை. வரிசையில் ஓரமாக இருந்த பெட்டியின் தலையில் கைவிரித்து ஒரு தட்டு தட்டினார். உள்ளே எங்கோ ட்ரை சால்டர், அதாவது விட்டுப்போன ஒட்டு, படம் சட்டென்று சிவப்பாக மாறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் இன்னொரு தட்டு தட்டினார், நீலம் வந்தது. அதற்கப்புறம் அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் மனமில்லை. தப்படிக்கிற பையன்கள் அவர் கையைப் பார்த்து அடி மாற்ற ஆரம்பித்தார்கள்.

ஒரு குறை. பார்த்தவர்கள் எல்லாம் போனில் எடுத்தார்கள், போன் நொடிக்கு 30 படம் எடுப்பதால் டிவி வரும் இடமெல்லாம் கறுப்புப் பட்டையாக விழுந்திருந்தது. வீடியோ எடுக்க நினைப்பவர்கள் போனை 25-க்கு மாற்றி, ஷட்டரை ஐம்பதில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்தது அப்படி இல்லை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது.

சித்தப்பா வந்திருந்தார், பின்னால் படகு நிழலில் நின்று பார்த்தார். முடிந்ததும் மேடைக்கு வந்து என்னிடம் எதுவும் பேசவில்லை. நேரே அந்தச் சிவப்பு நீலப் பெட்டிக்குப் போய்ப் பின்பக்கம் குனிந்து, "கலர் போர்டுல சால்டர் விட்டிருக்கு. நாளைக்குக் கொண்டா, வச்சுத் தாறேன்" என்றார். வேண்டாம் சித்தப்பா, அப்படியே இருக்கட்டும் என்று சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது தேவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்தான். மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் யார் வீட்டிலாவது கிடந்தால் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவாருங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை. காயலாங்கடைக்குப் போட்டால் முதல் வேலையாகச் செம்புக்காக யோக்கை இழுப்பார்கள், அதில் டியூபின் கழுத்து ஒடிந்துவிடும். ஒடிந்தால் காற்று உள்ளே போய்விடும், அதற்கப்புறம் காக்காவாலும் ஒன்றும் செய்ய முடியாது. பவர் கார்டையும் வெட்டாதீர்கள்.